கட்டிலில் தொங்கிய சீட்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகள் இருபது பேர் இருந்தார்கள். பாடம் நடக்கிற அறையில் ஒரு கட்டில் போட்டு, அதில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூலில் நான். பொம்மையின் பெண்டாட்டியாக உட்கார வேண்டும் என்று பெரிய சிஸ்டர் சொல்லியிருந்தார்.

பெரிய சிஸ்டர் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிது. என் வீட்டுக்காரர் அங்கே செத்து ஒன்றரை வருஷம் கழித்து வந்தவர். பழைய காகிதங்களைப் பார்த்துவிட்டு, மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் காட்டுக்கே வந்தார். நான் குச்சிக்கிழங்குக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தேன். இனிமேல் புதுப் பிள்ளைகளை மூன்று மாசம் ஒரு மூத்த நர்ஸ் கூடவே இருந்து பழக்குவார் என்றார். தப்பு எங்கே நடக்கும் என்று பட்டவர்கள் சொன்னால் மனதில் நிற்கும் என்றார். வருகிறேன் என்றேன்.

ஒரு பிள்ளை தட்டில் ஊசியோடு வந்தது. "இவரு பேரு சொல்லுங்கம்மா" என்றது.

என் கை தானாகக் கட்டிலில் தொங்கிய சீட்டைக் காட்டியது. அந்தப் பிள்ளையும் குனிந்து சீட்டைப் படித்தது.

அன்றைக்கும் இப்படித்தான்.

அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். நல்லபடியாக முடிந்து, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தார்கள். அவருக்கு ஒரே புழுக்கம். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சர்க்கரை வியாதி, காய்ச்சல் வேறு. ஃபேன் காற்று ஆகவில்லை என்றார். விடிந்ததும் இரண்டு பேரும் கட்டிலை மாற்றிப் படுத்துக்கொண்டார்கள். தலையணையைத் தூக்கிப் போட்டது நான். சீட்டு இரண்டும் இருந்த இடத்திலேயே தொங்கின. அதை மாற்ற வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஊசி போட வந்தது ஒரு புதுப் பிள்ளை. படிப்பு முடித்து வந்து பதினோராம் நாள். தனியாக வந்தது. டூட்டி மாறும் நேரம் என்று மூத்த நர்ஸ் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். பேர் சொல்லுங்கம்மா என்று கேட்டது. புருஷன் பேரை நான் வாயால் சொன்னதில்லை. சீட்டைக் காட்டினேன். பிள்ளை சிரித்தது.

"நீங்க வாயில சொல்லோணுமுங்கம்மா. பேரு என்னங்க? இல்லீனா அவரையே எழுப்பிக் கேக்கறனுங்க."

"எழுப்பாத சாமி, இப்பத்தான் கண்ணசந்தாரு. அதுலதான் எழுதியிருக்குதே."

சீட்டு இங்கிலீஷில் இருந்தது. பிள்ளை பார்த்தது, போட்டது. அது பக்கத்துக் கட்டில்காரருக்கு உண்டான, சர்க்கரையை இறக்குகிற ஊசி. அந்த மனுஷர் அந்தப் பக்கம் போர்த்திக்கொண்டு தூங்கினார். என் வீட்டுக்காரருக்கும் காலையில் ஓர் ஊசி உண்டு. அதனால் நானும் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஃபேனுக்கு அடியில் படுத்தும் வேர்க்கிறதே என்று முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தேன். நன்றாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் கூப்பிட்டபோது எழவில்லை. ஒன்பது நாள் இருந்தார்.

ஆபீஸ் அறையில் விசாரித்தார்கள். கட்டில் மாறியதைப் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிவிட்டார். பேர் கேட்டேன் என்று அந்தப் பிள்ளை சொன்னது. அதற்கு என்னை விட்டால் சாட்சி இல்லை. என் கொழுந்தனார், அன்றைக்கு அங்கே இல்லாதவர், அதெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிள்ளையும் பார்த்தது. சொன்னால் அவர் சாவு என் தலையில் விழும். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கே பிள்ளையை அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் அந்த இருபது பேரிடமும் சொன்னேன். கடைசியில் அவர் பேரையும் சொன்னேன். முப்பது வருஷத்தில் முதல் தரம். என்னைப் போல ஒருத்தி வாயால் பேரைச் சொல்லும்வரை ஊசியை எடுக்காதீர்கள் என்றேன். அந்தப் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மேலே கேட்பதாகப் பெரிய சிஸ்டர் சொன்னார். பத்து நாள் போனதும், மேலே ஒத்துக்கொண்டார்கள், பிள்ளையை வரச் சொல்லுங்கள் என்றார்.

விலாசம் வாங்கிக்கொண்டு எடப்பாடிக்குப் போனேன். பிள்ளை விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தது. தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வந்தது. என்னை அடையாளம் தெரிந்து, வாங்க என்றது. வேலையைப் பற்றிச் சொன்னேன். அதைக் காதில் வாங்கவில்லை.

"நான் பேரு கேட்டனுங்களாம்மா? எல்லாரும் கேக்கலைன்னு சொல்லிச் சொல்லி, எனக்கே இப்ப தெரியறதில்லீங்க."

"கேட்ட சாமி. ரெண்டு தரம் கேட்ட."

சுவரோரம் உட்கார்ந்துவிட்டது. கூடவே ஒரு மூத்த நர்ஸ் இருப்பார், தனியாக விடமாட்டார்கள் என்று மறுபடி சொன்னேன். தன் கைகளைப் பார்த்தது.

"இனி ஊசியத் தொட என்னால ஆகாதுங்கம்மா."

உள்ளே தறி நின்றுவிட்டது. நூல் அறுந்திருக்கும் என்று எழுந்து போனது. நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.