பனிக்கட்டிக்குள் சிவப்புத் துணி

குடிதண்ணீருக்காக ஏரியில் அறுத்து முற்றத்தில் வைத்த அடுக்கிலிருந்து பனிக்கட்டித் துண்டை உள்ளே கொண்டுவரும்போது மாப்பா வாசலில் ஒரு நொடி நிற்பாள். துண்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாக வானத்தைப் பார்ப்பாள். அப்புறம்தான் அடுப்போரத்துப் பீப்பாயில் உருகப் போடுவாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலிருந்தே இப்படித்தான். “வானம் இருக்கா, விழுந்திடுச்சான்னு பாக்குறா” என்று கணவர் பஹிலாய் கேலி செய்வார்.

மாப்பா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். கன்றுக்குட்டிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. நாலு பேர் கூடினால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வாயில்லாத குறையைக் கண் தீர்த்துக்கொண்டது. யார் வீட்டில் புகைபோக்கி தாமதமாகப் புகைகிறது, யாருடைய கம்பளிப் பூட்ஸ் எந்த வாசலை நோக்கிப் போயிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குப் பனியிலேயே எழுதியிருக்கும். தெரிந்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள். உள்ளுக்குள் போட்டு ஊறவைப்பாள்.

போன வருஷக் குளிர்காலத்தில், அந்தப் பருவத்தின் முதல் துண்டைத் தூக்கிப் பார்த்தபோது வானம் தெரியவில்லை. உள்ளே பச்சை நூல் நூலாகப் பாசி. உருக்கிய தண்ணீரில் சேற்று வாடை. தேநீரில் எவ்வளவு பால் ஊற்றியும் வாடை போகவில்லை.

இது நாணல் மூலைப் பனிக்கட்டி. மாடுகள் தண்ணீர் குடிக்கும் பக்கம். தூரம் போகச் சோம்பல்படுகிறவர்கள் அறுக்கிற இடம். பஹிலாய் ஆயுசுக்கும் ஏரியின் ஆழப்பக்கத்துக்குப் போய்த்தான் அறுத்துவருவார். அவர் அடுக்கிய பனிக்கட்டிச் சுவர் வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்கும் நாயின் காது தெரியும். அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

இரண்டு நாள் கழித்து அடுக்கின் பின்புறம் தடங்களைப் பார்த்தாள். சிறிய கால். இடது குதிகாலில் ஒட்டுத்தோல். பக்கத்து வீட்டு ஒக்தோவின் பூட்ஸ் அது. கூடவே சறுக்குவண்டியின் இரண்டு கோடுகள். வந்த கோடும் ஆழம், போன கோடும் ஆழம். பாரத்தோடு வந்து பாரத்தோடு போயிருக்கிறது.

வேலியோரம் போய் எட்டிப் பார்த்தாள். ஒக்தோ வீட்டு அடுக்கு கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்தது. புருஷன் செத்து ஆறு வருஷமாகிறது. வருஷாவருஷம் நாணல் மூலைக் கட்டியை உருக்கிக் குடித்த வீட்டுக்கு இந்த மினுமினுப்பு ஏது?

“அந்த ஒக்தோ நம்ம கட்டிய எடுத்துக்கிட்டு அவ கட்டிய வெச்சிட்டுப் போறா” என்றாள் கணவரிடம்.

பஹிலாய் கத்தியால் உறைந்த மீனைச் சீவிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

“உனக்கு வேற வேல இல்லையா கெழவி? எல்லாம் தண்ணிதான்.”

“தண்ணியில சேறு நாறுது.”

“மூக்குக்கு வயசாயிடுச்சு உனக்கு. அக்கம்பக்கத்துல போயி இதையெல்லாம் கேட்டு வெக்காத. சிரிப்பாங்க.”

பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது. சாதாரணமாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரைக்கோப்பை தேநீர் நேரம் எடுத்துக்கொள்கிற மனுஷர். மாப்பாவின் மனசில் இரண்டாவது முள் தைத்தது. விறகு வெட்டித்தருகிறேன் என்று இந்தக் குளிர்காலத்தில் எத்தனை தடவை ஒக்தோ வீட்டுக்குப் போனார்? திரும்பி வரும்போது வேலியைத் தடவிக்கொண்டே, திருடன் மாதிரி, மெதுவாக ஏன் வருகிறார்? ஒக்தோவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. பல்லெல்லாம் சொந்தப் பல்.

அன்றிலிருந்து ஒக்தோ வீட்டுக்குப் பாலாடை போவது நின்றது. கடை வாசலில் ஒக்தோ, “என்னக்கா, மாடு வத்திடுச்சா, மனசு வத்திடுச்சா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். மாப்பா கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். ஒரு கலங்கிய கட்டியின் மூலையில் சிவப்புத் துணி ஒன்றை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அவள் வாளியைக் கீழே வைப்பதற்குள் துணி உள்ளே உறைந்துவிட்டது. கலங்கிய கட்டி இங்கேயே கிடக்கும். நல்ல கட்டிகள் குறையும். குறைந்ததும் ஊரைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

மறுநாள் பார்த்தால் சிவப்புத் துணிக் கட்டியைத்தான் காணோம். அது இருந்த இடத்தில் வானம் தெரிகிற கட்டி ஒன்று நின்றது.

மாப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நல்லதை வைத்துவிட்டுக் கெட்டதைத் தூக்கிக்கொண்டு போகிற திருடி உண்டா? இதிலும் ஏதோ சூது இருக்கிறது. கால் தானாக ஒக்தோ வீட்டுப் பக்கம் நடந்தது.

ஒக்தோ மாட்டுக்கொட்டகையில் இருந்தாள். மாடுகளுக்கு வைத்த வெந்நீர்த் தொட்டியில் பாதி கரைந்த கட்டி மிதந்தது. அதிலிருந்து சிவப்புத் துணி நாக்குப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“துணி உன்னோடதாக்கா? நான்கூட ஏரி மீனெல்லாம் தையல் கத்துக்கிச்சுன்னு நெனச்சேன்.”

“எம் புருஷன் எதுக்கு உன் வீட்டுக்கு வர்றாரு?” மாப்பாவின் வாயிலிருந்து வந்தது இதுதான். பனிக்கட்டியைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

ஒக்தோ முதலில் சிரித்தாள். மாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

“உக்காருக்கா. உங்கிட்ட சொல்ல மாட்டேன்னு அடுப்புத் தீ முன்னாடி சத்தியம் பண்ணிக் குடுத்தேன். இனி தீக்குப் பாலாடை ஊத்தித்தான் சமாதானம் பண்ணணும். அதுவும் நீதான் தரணும், எங்கிட்ட இல்ல.”

“சொல்லு.”

“மாமாவுக்குக் கண்ணு தெரியலக்கா. இந்த வருஷம் எங்க அண்ணன் வண்டியோட வந்து ஆழப்பக்கம் அறுத்துக் குடுத்தாரு. திரும்பி வர்றப்ப மாமா நாணல் மூலையில நின்னு அறுத்துக்கிட்டிருக்காரு. ‘என்ன மாமா இங்க’ன்னு கேட்டா, ‘எப்பவும் அறுக்கிற எடந்தானே’ங்கிறாரு. அப்புறம் அவருக்கே புரிஞ்சுபோச்சு. ரெண்டாம் நாள் இங்க வந்து உக்காந்தாரு. ‘கெழவிக்குத் தெரிஞ்சா மகளுக்குச் சொல்லிடுவா. மக எங்களக் கட்டித் தூக்கிட்டுப் போயி நகரத்துல அஞ்சாவது மாடியில வெச்சிடும். குழாயில வர்ற தண்ணியக் குடிச்சிக்கிட்டு சன்னல் கிட்டயே சாகணும்’னாரு. மாட்டுக்கு எந்தக் கட்டியா இருந்தா என்ன, எங்க நல்ல கட்டிய உங்க அடுக்குல வெச்சிட்டு உங்க கட்டிய மாட்டுக்கு எடுத்துக்கிட்டேன்.”

மாப்பா தொட்டியிலிருந்து சிவப்புத் துணியை உருவிப் பிழிந்தாள். ஆழமான கோடுகள் இரண்டையும் அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். எது வந்தது, எது போனது என்பதைப் பனி சொல்லவில்லை. அதை அவளேதான் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் உடனே நம்பிவிடவில்லை. சொந்தப் பல் உள்ளவள் எதையும் சொல்வாள். அடுக்கில் மிச்சமிருந்த பாசிக் கட்டியிலிருந்து ஒரு துண்டை உடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பஹிலாய் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் விரல்களை நடக்கவிட்டுக் கோப்பையைக் கண்டுபிடித்தார். இத்தனை நாள் இதைப் பார்க்காமல் எப்படி விட்டாள்? ஊரையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கெழவரே, இன்னைக்கு நீங்க பாத்துச் சொல்லுங்க. கட்டி எப்படி இருக்கு?”

அவர் துண்டை வாங்கி, அவளைப் போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சன்னலுக்கு நேரே பிடித்தார். பிடித்தபடியே வெகுநேரம் இருந்தார்.

“கண்ணாடி” என்றார். “வானம் தெரியுது.”

“இருக்கா, விழுந்திடுச்சா?”

“இருக்கு, இருக்கு.”

மாப்பா அதை வாங்கி மாட்டு வாளியில் போட்டாள். சத்தம் கேட்டு அவர் தலையைத் திருப்பினார். பீப்பாய்ச் சத்தம் வேறு, வாளிச் சத்தம் வேறு.

சாயங்காலம் ஒக்தோ வீட்டுக்குப் பாலாடை போனது.

இந்த வருஷம் மாப்பாவும் ஒக்தோவும் ஆழப்பக்கத்தில் அறுத்தார்கள். பஹிலாய் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பக்கத்து ஊர் மருத்துவமனையில் பார்த்ததில் வலது கண் போய்விட்டது. இடது கண்ணைச் சொட்டு மருந்து பிடித்துவைத்திருக்கிறது. நகரத்திலிருந்து மகள் சர்கிலானா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். “எங்கிட்ட எதையாவது மறைக்கிறியாம்மா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். மாப்பா இன்னும் சொல்லவில்லை.