கல்லில் முந்திக்கொண்ட சில்வஸ்டர்

சில்வஸ்டருக்கு எதையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். குன்னூரில் பத்து மணிக்கு ரயில் என்றால் எட்டரைக்கே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தேயிலை ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர், ஒரு நாளும் சங்கு ஊதிய பிறகு உள்ளே நுழைந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர், மனைவி மெட்டில்டா இறந்தபோது கல்லறைக் கல்லில் அவள் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் வெட்டச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. 'மறைவு' என்ற இடத்தில் தன் தேதிக்கு மட்டும் இடம் காலியாக விட்டுவைக்கச் சொன்னார்.

கல் வெட்டுகிறவர் இவருக்கும் மேலே. இடம் விட்ட வேலையை அவர் வேலையாகவே மதிப்பதில்லை. மெட்டில்டாவின் தேதியையே சில்வஸ்டருக்கும் வெட்டி, கல்லை நட்டுவிட்டுப் போய்விட்டார். சில்வஸ்டர் பார்த்தார், திட்டினார், அப்புறம் விட்டுவிட்டார். கருங்கல்லில் ஏறியதை எதைக் கொண்டு அழிப்பது? ஏழு வருஷம் அந்தத் தேதியின் மேல் செவ்வந்தி மாலையைப் போட்டே சமாளித்தார்.

போன வருஷம் சர்ச்சின் பங்குப் பேரவைக்கு ரெனிஷ் செயலாளராக வந்தான். துடிப்பான பையன், வயது முப்பது, கையில் லேப்டாப். கல்லறைத் தோட்டம் முழுக்க நடந்து, மாலைகளை விலக்கி விலக்கிப் போட்டோ எடுத்து, யார் யார் எங்கே கிடக்கிறார்கள் என்று பட்டியல் போட்டுவிட்டான்.

கல்லறைத் திருநாளன்று பங்குச் சாமி அந்தப் பட்டியலை வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் ஜனங்கள் அந்த ஆன்மாவுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். மெட்டில்டா என்றார் சாமி. அடுத்து சில்வஸ்டர் என்றார். பழக்க தோஷம், சில்வஸ்டரும் கூட்டத்தோடு சேர்ந்து தனக்கே இளைப்பாற்றி கேட்டுவிட்டார். பக்கத்தில் மெழுகுவத்தி பிடித்து நின்ற பெண்மணி மட்டும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

மறுநாள் காலையிலேயே சில்வஸ்டர் ரெனிஷைப் பார்க்கப் பங்கு அலுவலகத்துக்குப் போனார்.

"ஏனுங்க தம்பி, என் பேரைக் கொஞ்சம் எடுத்துப்போடுங்க."

"எடுக்கலாமுங்க அங்கிள். ஆனா லேப்டாப் காரணம் கேக்குது. 'வேறு கல்லறைக்கு மாற்றம்'னு ஒண்ணுதான் இருக்குது. உங்கள எங்கீங்க மாத்துறது?"

"நான் இன்னும் சாகலீங்களே."

"அதுக்குக் கட்டம் இல்லீங்க." ரெனிஷ் நிஜமாகவே வருத்தப்பட்டான். "அதுவுமில்லாம, ஒரு கல்லறைக்கு ரெண்டு பேருதான் கணக்கு. உங்க கல்லறை நிறைஞ்சுபோச்சுன்னு காட்டுது. இனி அங்க யாரையும் அடக்கம் பண்ண முடியாதுங்க. உங்களுக்குனு கேட்டீங்கன்னா கீழ புது நிலத்துல தரலாம்."

அப்போதுதான் சில்வஸ்டருக்கு விஷயம் உறைத்தது. செத்தவன் என்று எழுதிக்கொள்ளட்டும், அது என்றைக்கிருந்தாலும் வரப்போகிற சங்கதி. ஆனால் அவர் சாவைப் பற்றிப் பயப்படாமல் இருந்ததே மெட்டில்டாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான். குன்னூர்க் குளிரில் முப்பத்தெட்டு வருஷம் அவள் தன் சில்லிட்ட பாதங்களை அவர் காலோடு ஒட்டிவைத்துத்தான் தூங்கினாள். அவளை மேலே தனியாக விட்டுவிட்டு, கீழே புது நிலத்தில் இவர் மட்டும் போய்ப் படுப்பதா? அதை நினைக்க அவருக்கு அழுகை வந்தது.

நேராகச் சாமியிடம் போனார். சாமி அடக்கப் பதிவேட்டைப் புரட்டினார். அதில் சில்வஸ்டர் பெயர் புது மையில் இருந்தது. கல்லில் இருப்பது ஏட்டில் விட்டுப்போயிருக்கிறதே என்று ரெனிஷ்தான் பொறுப்பாக எழுதிச் சேர்த்திருந்தான். அடக்கப் பூசை வைத்தது யார் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"சாமி," என்றார் சில்வஸ்டர், "வாராவாரம் பூசையில செத்தவங்க உயிர்த்தெழுவாங்கன்னு எந்திரிச்சு நின்னு சொல்றமுங்க. நெசமா ஒருத்தன் எந்திரிச்சு வந்து நின்னா, எழுதிக்க ஒரு கட்டம் இல்லீங்களா?"

சாமியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் ரெனிஷைக் கூப்பிட்டு, கல்லறைப் பட்டியலில் 'குறிப்பு' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். ரெனிஷ் தட்டினான், அச்செடுத்தான், முத்திரை குத்தி நீட்டினான். சில்வஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு கல்லறைக்கு ஒரு வரிதான் என்பதால் அது இப்படி வந்திருந்தது:

'மெட்டில்டா, சில்வஸ்டர். உயிரோடு இருக்கிறார்கள். இடம் உண்டு.'

சில்வஸ்டர் மறுபடியும் முதலிலிருந்து படிப்பதைப் பார்த்து ரெனிஷ் எட்டிப் படித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஐயோ, ஆன்ட்டிக்கும் சேந்து விழுந்துருச்சுங்க. குடுங்க அங்கிள், அடிச்சுட்டு வேற எடுத்துத் தாரேன்."

சில்வஸ்டர் காகிதத்தை நாலாக மடித்து ஸ்வெட்டருக்குள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்க தம்பி," என்றார். "என்னைக்கிருந்தாலும் சரியாகப்போற தப்புதானுங்களே."