வயிறு நிறைந்த பிறகு எடுத்த எக்கோ

ரமலானில் பகலெல்லாம் நோன்போடு வீட்டுவேலை பார்ப்பேன், எனக்கு ஒன்றும் செய்யாது. நோன்பு திறந்து கஞ்சி குடித்துவிட்டு மஃரிப் தொழுகையில் நெற்றி தரையில் பட ஸஜ்தாவுக்குக் குனிந்தால் போதும், நெஞ்சை உள்ளேயிருந்து யாரோ அமுக்குவது போல மூச்சு முட்டும். நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரரின் அக்கா சிரித்தாள். "கஞ்சி குடிக்க மூச்சு வாங்கல, தொழத்தான் வாங்குது. இன்னா நடிப்புடி!" கேளம்பாக்கத்தில் எங்கள் தெருப் பெண்களிடம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். அல்லாஹ்வையே ஏமாற்றுகிறவள் என்று எனக்குப் பேர். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

நோன்போடு செங்கல்பட்டுக்குப் போய் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தோம். இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். கூட வந்த அக்காவின் வாயைக் கேட்க வேண்டுமா? "மிஷினே சொல்லிருச்சு, ஒண்ணும் இல்லியாம்!"

அன்று முழுக்க யோசித்தேன். வெறும் வயிற்றோடுதானே போனேன்?

பெருநாள் கழிந்து மறுபடி போனேன். கிளம்புமுன் அவள் ஆக்கிய பிரியாணியையே இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவளையும் விடாமல் கூட்டிப்போனேன். "டாக்டர், வயிறு நிறைய சாப்பிட்டிருக்கேன். இப்ப பாருங்க."

டாக்டரம்மா கருவியை நெஞ்சில் நகர்த்திக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். "இதயத்துக்குப் பின்னாடி கட்டி மாதிரி ஏதோ தெரியுது. ஒரு சோடா வாங்கிட்டு வாங்க" என்றார். அக்காதான் ஓடினாள். நான் குடிக்கக் குடிக்க, திரையில் இதயத்துக்குப் பின்னால் குமிழ்கள் பொங்கின. "கட்டி இல்லம்மா. உங்க இரைப்பை நெஞ்சுக்குள்ள ஏறியிருக்கு. சாப்பிட்டதும் உப்பி, இதயத்தோட இடது மேலறையை அமுக்குது. இதை நடிப்பு, சோம்பல்னு யாரும் சொல்ல முடியாது." அந்தக் கடைசி வரியை நான்தான் கேட்டுச் சொல்ல வைத்தேன்.

பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்தாள். "மாப் பண்ணிடும்மா."

"இந்த மன்னிப்பை அல்லாஹ் கிட்ட கேட்டாலும் தர மாட்டான் அக்கா. அடியாருக்குச் செஞ்ச அநியாயத்தை அந்த அடியார்தான் மன்னிக்கணும், மார்க்கப் பயான்ல கேட்டதில்லையா? நான் மன்னிக்கணும்னா, சொன்ன வீட்லயெல்லாம் மாத்திச் சொல்லணும். எத்தனை வீட்ல சொன்னீங்க?"

"நாலஞ்சு இருக்கும்."

"எட்டு."

அன்று மாலை அஸர் தொழுதுவிட்டு வீடு வீடாகக் கூட்டிப்போனேன். நடிப்பென்று சொன்ன வாயாலேயே நடிப்பில்லை என்று சொன்னாள். ஆறாவது வீட்டில் அழுதாள். அந்த வீட்டம்மா "போதும் வுடும்மா" என்றாள். நான் ஏழாவது வீட்டு மணியை அழுத்தினேன்.