பிடுங்கிப் போட்ட நாற்று

அந்தப் பள்ளியில் வேளாண்மையை யாரும் பாடமாக நினைத்ததில்லை. அது ஒரு தண்டனை. தாமதமாக வந்தவன், வீட்டுப்பாடம் எழுதாதவள், வகுப்பில் சிரித்தவன் எல்லோருக்கும் ஒரே மிரட்டல்தான்: "தோட்டத்துக்கு அனுப்பிடுவேன்." அந்தத் தோட்டத்தில் பாடம் நடத்தப் பழகத்தான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தன் மாணவியான அவளை அனுப்பியிருந்தது.

முதல் நாள் ஆசிரியர் அறையில் அவளுக்கு நாற்காலி இல்லை. ஜன்னலோரம் கால் ஆடும் ஸ்டூல் ஒன்று கிடந்தது. அதன்மேல் யாருடைய ஹெல்மெட்டோ இருந்தது. அவள் அதை எடுத்துக் கீழே வைக்கப் போனாள்.

"பாத்து, சேறு ஒட்டிடப் போகுது" என்றார் கணக்கு டீச்சர்.

அறையே சிரித்தது. மதிய மணி அடிப்பதற்குள் அவளுக்கு 'மண்வெட்டி மேடம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பட்டம் மேல் பட்டம் வாங்கியவர்கள், சிரிப்பு மட்டும் தள்ளுபடியில் வாங்கியிருந்தார்கள்.

வீட்டிலும் அதே பாட்டுதான். செல்போன் கடை வைத்திருந்த அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "புல்லு புடுங்கச் சொல்லிக் குடுக்க ஒரு படிப்பா? இந்த வருஷம் பாஸ் ஆகலைன்னா பேசாம கடையில வந்து உக்காரு. கண்ணாடி ஒட்டவாவது கத்துக்கலாம்."

அம்மா மகளின் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணனின் பேச்சை அவள் தாங்கிக்கொண்டாள். பெற்றவளின் அந்தத் திரும்பிய முகத்தை எப்படித் தாங்குவாள்? பாஸ் ஆகியே தீரவேண்டும் என்ற வெறி அன்றைக்குத்தான் அவளுக்குள் மூண்டது.

அவளுக்கு வழிகாட்டியாக ஒருவர் இருந்தார். விவசாய ஆசிரியராகவே தலை நரைத்த மனிதர். செருப்பில் மட்டும் மண் ஒட்டியதே கிடையாது. கருவி அறை நிழலில் நாற்காலி போட்டுப் பேப்பரைப் பிரித்தால், பள்ளிக்கூடம் இடிந்து விழுந்தாலும் விளையாட்டுச் செய்தியை முடித்துவிட்டுத்தான் எழுவார்.

தேர்வுப் பாடத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, பயிரையும் களையையும் பிரித்து அறிவது. மாணவர்களோடு சேர்ந்து ஒரு பாத்தியில் வெங்காய விதை தூவினாள். நாற்று ஊசி ஊசியாக எழும்பி ஒரு சாண் உயரம் வந்தது. கூடவே புல்லும் வந்தது. பாடத்துக்கு வேண்டுமென்று அந்தப் புல்லை அவள் வேண்டுமென்றே விட்டுவைத்தாள். வழிகாட்டியிடமும் சொல்லியிருந்தாள். அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்றார்.

தேர்வு நாளன்று கல்லூரி விரிவுரையாளர் மதியம் பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போட வரவேண்டும். அன்று காலை அவள் பாத்திக்குத் தண்ணீர் விட்டுவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பாத்தி மொட்டையாக இருந்தது. புல், வெங்காயம் என்று பாராமல் அத்தனையும் பிடுங்கி வேலியோரம் குவித்திருந்தார்கள். அண்ணனின் கடைக் கண்ணாடிப் பெட்டிதான் கண்முன் வந்து நின்றது.

"யார் சார் இப்படிப் பண்ணினது?"

வழிகாட்டி பேப்பரை மடித்தார். "துணை ஹெச்.எம். லேட்டா வந்த பசங்கள அனுப்பினார். காலேஜ் மேடம் வர்ற நேரத்துல புல்லு மண்டிக் கிடக்கேன்னு."

"நீங்க இங்கேயேதானே இருந்தீங்க?"

"இருந்தேன். தண்டனை குடுத்தது அவரு, பாத்தி உன்னோடது. நடுவுல நான் எதுக்கு?" கொஞ்சம் இரக்கம் வந்தவர்போல் குரலைத் தாழ்த்தினார். "அழாதம்மா. கடையில வெங்காயத்தாள் கட்டு வாங்கிட்டு வந்து குத்தி வை. அவங்க என்ன குனிஞ்சா பாக்கப் போறாங்க?"

அழ வந்தவளுக்கு அழுகை அப்படியே நின்றது. இத்தனை வருடம் இந்த மனிதர் இப்படித்தான் குத்திக் குத்தி ஓட்டியிருக்கிறார் என்று புரிந்தது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்கக்கூடத் தகுதியில்லை என்று தோன்றியது.

"நீங்க பேப்பரைப் படிங்க சார்."

மண் ஈரமாக இருந்ததால் நாற்று வேர் அறாமல் வந்திருந்தது. குவியலை நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வைத்தாள்.

மதியம் வெள்ளைச் செருப்போடு விரிவுரையாளர் வந்தார். வகுப்பின் கடைசி பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அவள் சாக்கை அவிழ்த்து ஒவ்வொரு மேசையிலும் ஒரு கைப்பிடி போட்டாள்.

"இதுல வெங்காயம் எது, புல்லு எது? பாத்து ஏமாறாதீங்க. கசக்கி மோந்து பாருங்க."

முன் பெஞ்சுப் பெண் ஒரு தாளைக் கசக்கிப் பக்கத்திலிருந்தவள் மூக்கில் வைத்தாள். "டீச்சர், இவளுக்குக் கண்ணு கலங்குது. இது வெங்காயம்தான்."

"எனக்குப் புல்லுதான் வருது டீச்சர்."

"உன் மூஞ்சிக்கு அதான் வரும்" என்றது பின் பெஞ்சு.

பச்சை வாடை அறை முழுக்க ஏறியது. விரிவுரையாளர் கைக்குட்டையை மூக்குக்கு மாற்றினார். மணி அடிப்பதற்குள் புல் ஒரு பக்கமும், நட வேண்டிய நாற்று ஒரு பக்கமும் பிரிந்து கிடந்தன. மாணவர்கள் நாற்றை அள்ளிக்கொண்டு பாத்திக்கு ஓடினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் துணைத் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். இயற்பியல் நடத்துபவர். முகமெல்லாம் பல்.

"தோட்டம் பாத்தீங்களா மேடம்? நீங்க வர்றீங்கன்னு காலையிலேயே நான் நின்னு சுத்தம் பண்ண வெச்சேன். பயிற்சிக்கு வர்ற பிள்ளைங்க இதையெல்லாம் எங்க பாக்குதுங்க."

விரிவுரையாளர் அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், பாஸ். அவள் வாயைத் திறந்தாள்.

"இல்ல மேடம். பாடத்துக்கு விட்டு வெச்ச புல்லோட சேத்து பயிரையும் புடுங்க வெச்சார். அதான் பாத்தியில நடத்த வேண்டியதை மேசையில நடத்தினேன்."

துணைத் தலைமையாசிரியரின் முகம் கறுத்தது. "தண்டனைக்கு அனுப்பின பசங்க. அதுங்களுக்கு என்னம்மா தெரியும்?"

"தெரியாதுதான் சார். இனிமே தண்டனை குடுக்கணும்னா உங்க கிளாஸ்லயே உக்கார வைங்க. அதுவே போதும்."

தாழ்வாரத்தில் நின்ற கணக்கு டீச்சர் சிரிப்பை இருமலாக மாற்றினார். துணைத் தலைமையாசிரியர் வந்த வழியே போய்விட்டார். விரிவுரையாளர் கொஞ்ச நேரம் எழுதினார், பேனாவை மூடினார்.

"பாடத்துக்கு முழு மார்க். பணிவுக்கு ஒண்ணும் போடல. கூட்டினா பாஸ் வருது, அதுவும் விளிம்புல. இந்த வாயோட எந்த ஸ்கூல்ல நிக்கப் போற?"

பணிவுக்கென்று இந்த உலகம் வைத்திருக்கும் மார்க்கை யார் யார் முழுதாக வாங்கியிருக்கிறார்கள் என்று அவள் அந்தப் பயிற்சிப் பருவத்தில் நன்றாகவே பார்த்திருந்தாள். கண்ணில் திரண்டதை மண் கையால் துடைத்துக்கொண்டாள்.

"அதை அப்புறம் பாத்துக்கறேன் மேடம். நாத்து வாடிட்டு இருக்கு. நான் போகலாமா?"