ஊசி குத்தும் கையிடம் சொன்ன குறை

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பூந்தமல்லிப் பக்கம் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸுக்குப் போகிறேன். என் சிறுநீரகம் செய்யாத வேலையை அங்கே மிஷின் செய்கிறது. இடது கையில் ஆபரேஷன் செய்து பெருக்கிவிட்ட நரம்பில்தான் ஊசி இறங்க வேண்டும். அது கெட்டுப்போனால் என் கதை கந்தல். அதனால் உலகத்தில் நான் அதிகம் பயப்படுவது ஊசி குத்தும் கைக்குத்தான்.

எங்கள் வார்டில் ஒரு சிஸ்டருக்குக் கைராசி. ஒரே குத்தில் இறங்கிவிடும். அவர் ட்யூட்டியில் இருக்கிறாரா என்று வாசலிலேயே விசாரித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவோம். முறுக்கு, மல்லிகைப்பூ என்று அவருக்கு ஏதாவது போய்க்கொண்டே இருக்கும். காக்கா பிடிப்பதுதான், வேறென்ன.

அன்று மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது நிர்வாகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். நோயாளிகளின் அனுபவத்தைக் கேட்டு ஆஸ்பத்திரியைச் சீர்செய்யப் போகிறார்களாம். நல்ல காரியம்தான். ஆனால் கேட்ட இடத்தைப் பாருங்கள். எங்கள் கையில் ஊசி, குழாயில் ரத்தம், பக்கத்தில் சிஸ்டர். "குறை இருந்தா தைரியமா சொல்லுங்க" என்றார். கட்டில் கட்டிலாக ஒரே பதில்தான் வந்தது: "ஒரு குறையும் இல்லீங்க. தங்கமா பாத்துக்கிறாங்க."

எனக்குக் குறை இருந்தது. போன வாரம் ஊசியை எடுத்ததுமே, அடுத்த ஷிஃப்ட் நோயாளி கட்டிலுக்குக் காத்திருக்கிறார் என்று என்னை எழுப்பிவிட்டார்கள். பிரஷர் இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்து, ஷேர் ஆட்டோவில் ஏறப்போன நான் ரோட்டில் விழுந்தேன். லாரி ஒன்று பக்கத்திலேயே பிரேக் அடித்து நின்றது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. எழுப்பிவிட்டது அந்தக் கைராசி சிஸ்டரேதான்.

'குறையில்லை' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஊசி எடுத்ததும் கொஞ்சம் படுக்க விடுங்க. நான் ரோட்டுல விழுந்துட்டேன்" என்று வந்துவிட்டது. அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க" என்றார். பாழாய்ப்போன அதே வார்த்தையை இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. சிஸ்டர் என்னைப் பார்க்காமல் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. இனி கைப்பழக்கம் இல்லாத யாரையாவது அனுப்பிவிட்டால்? கோபத்தில் ஊசி இடம் மாறினால்? அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். என் பயத்துக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமேடி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அடுத்த முறை அவரேதான் வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. நான் கையை லேசாகப் பின்னுக்கு இழுத்தேன். "கையை ஆட்டாதீங்க" என்றார். ஒரே குத்து. எல்லாம் முடிந்து, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டியவர், "நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது" என்றுவிட்டுப் போனார். கோபமா அக்கறையா என்று புரியவில்லை.

அதற்குள் அடுத்த ஷிஃப்ட்காரர் கட்டிலருகே வந்து நின்றார். சென்னீர்குப்பத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். தன் நேரம் போகிறதே என்று சண்டைக்கு வரப்போகிறார் எனப் பயந்து எழப் பார்த்தேன்.

"படும்மா, இன்னா அவசரம்?" என்றவர் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். நீளமாக ஒரு தழும்பு. "நீ சொன்னத வார்டே பேசிக்கினு கீது. நானும் இப்டி எழுந்து போயி உழுந்துகீறேன், நம்ம ஆஸ்பத்திரி கேட்டாண்டயே. குத்துற கையாச்சேன்னு கம்முனு இருந்துட்டேன். அன்னிக்கே நான் சொல்லியிருந்தா, நீ ரோட்ல உழுந்திருப்பியா?"