பட்டியலில் மூலம் முதலில்

வானத்தில் மங்கலாகத் தெரிகிறவற்றையெல்லாம் மகாலட்சுமி பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாள். மார்க்கையன்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். பகலில் சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் பில் போடுவாள். இருட்டினால் பைனாகுலரோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். நட்சத்திரக் கூட்டங்கள், புகைபோன்ற மண்டலங்கள், தூரத்துக் கேலக்ஸிகள் என்று நம் ஊரிலிருந்து சாதாரண பைனாகுலரில் எவையெல்லாம் தெரியும் என்பதுதான் பட்டியல்.

இணையத்தில் இல்லாத பட்டியலா என்று கேட்டேன்.

"அதெல்லாம் குளிர்நாட்டுக்காரவுக போட்டதுக்கா. அவுகளுக்கு அடிவானத்துல கெடக்குறது நமக்கு ஒசரத்துல நிக்கிது. நமக்கு ரெண்டு பக்கமும் மலை மறைக்கிறது அவுகளுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

நியாயம்தான். மலை விட்டுவைத்த வானத்தையாவது நாம் ஒழுங்காகப் பார்க்க வேண்டாமா?

பட்டியலில் முதலில் வைத்திருந்தது, தேள் வடிவ விண்மீன்களின் கொடுக்குக்குப் பக்கத்திலிருக்கும் கூட்டத்தை. வெறுங்கண்ணுக்குத் துளிப் புகை. பைனாகுலரில் பொரி இறைத்த மாதிரி நட்சத்திரங்கள். அந்தக் கொடுக்குதான் மூலம். அவள் பிறந்த நட்சத்திரமும் அதுவே.

அதுதான் வினையாகிப் போனது. 'பெண் மூலம் நிர்மூலம்' என்று எவனோ சொல்லிவைத்துவிட்டுப் போனான், மாமனாருக்கு ஆகாதாம். அவளுக்கு முப்பது நெருங்குகிறது, ஜாதகத்தைத் திறந்தவர்கள் உடனே மூடிவிடுகிறார்கள். கடைசியில் அவள் அப்பா கர்ணன், ஊர் வழக்கப்படி, தகப்பன் இல்லாத மாப்பிள்ளையாகப் பார்க்கச் சொன்னார்.

ஆவணி பிறந்ததும் தரகர் பிச்சைமணி வந்தார். "கம்பத்துல மெடிக்கல் வச்சிருக்கான், பேரு சசிதரன். வீட்டுல அம்மா மட்டுந்தேன். அப்பா மேல போயிட்டாக. அது ஆச்சு, வருசக்கணக்கா."

கர்ணன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஒருவர் செத்ததற்கு இப்படியா மகிழ்வது? பெண்ணைப் பெற்றவர், என்ன சொல்ல. சசிதரன் போனில் பேசியபோது பட்டியலை அனுப்பச் சொல்லிக் கேட்டானாம். அன்றிலிருந்து மகாலட்சுமியின் நடையே மாறிவிட்டது.

பெண் பார்க்கும் அன்று பொழுது இருட்டுகிற நேரம், மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் காரிலிருந்து இறங்கினார்கள். பின்னாலேயே ஏலக்காய்ப் பையோடு ஒரு பெரியவர்.

"பேரு வீரணன். பையனோட அப்பா" என்று கும்பிட்டார்.

கர்ணனுக்கு ரத்தம் சுண்டிவிட்டது. தரகரைக் கொல்லைப்புறம் தள்ளிக்கொண்டு போனார். பிச்சைமணி பாவம், பொய் சொல்லவில்லை. மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போவதையும் இங்கே மேலே போவது என்றுதான் சொல்வோம்.

"தோட்டத்துல கங்காணியா இருக்காக. அதத்தேன் சொன்னேன்" என்று முழித்தார்.

"சரி, மூச்சு விடாதீரு. ஜாதகம் இன்னும் குடுக்கலைல? எம் புள்ளைக்கு அனுஷம்னு சொல்லிருவோம்" என்றார் கர்ணன்.

அடுக்களையில் என்னோடு நின்ற மகாலட்சுமிக்கு அத்தனையும் கேட்டது. காபித் தட்டோடு போனவள், எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வீரணன் முன்னால் நின்றாள்.

"மாமா, நான் மூல நட்சத்திரம். நீங்க தவறிட்டீகன்னு நெனச்சுத்தேன் எங்க வீட்டுல சம்மதிச்சாக."

சசிதரனின் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

வீரணன் டம்ளரைக் கீழே வைத்தார். "மூலம் எங்கன இருக்கு? காட்டு."

மாடிக்கு ஏறினோம். சாரல் விட்டு, தெற்கே மேகம் விலகியிருந்தது. அவள் பைனாகுலரைத் திருகிக் கொடுத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இதத் தோட்டத்துல தெனமும் பாத்திருக்கேன். பனின்னு நெனச்சேன். இம்புட்டு நச்சத்திரமா!"

பிறகு பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"நான் உசிரோடதேன் இருக்கேன். ஒனக்குச் சம்மதமா, தாயி?"