லீவே போடாத பெண்

கணக்கு டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடமே அறிந்த சங்கதி. இந்த வருஷம் வந்த கோபத்தில் பாதி அவளுக்குத் தன் மேலேயே வந்தது.

அவளுடைய ஆறாம் வகுப்பில் 'ஆஜர்' என்று பட்டப்பெயர் வாங்கிய பெண் ஒருத்தி. மழையானாலும் ஜுரமானாலும் முதல் பெஞ்சில் ஆஜர். டீச்சர் கணக்கைப் பலகையில் போட்டு "எவ்வளவு?" என்றால் மொத்த வகுப்பும் ஒரே குரலில் விடையைக் கத்தும். ஆஜரின் வாயும் அசையும். டீச்சரும் திருப்தியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவாள்.

வருஷக் கடைசியில் டீச்சருக்குத் தலைவலி. கூச்சல் தாங்காமல் ஒவ்வொருவராகப் பலகைக்கு வரச் சொன்னாள். முப்பத்தாறை நாலால் வகுக்க வேண்டும். ஆஜர் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். விசாரித்தால், இத்தனை நாளும் பக்கத்துப் பெண்ணின் உதட்டைப் பார்த்து வாயசைத்திருக்கிறாள்! டீச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நேரே தலைமையாசிரியரிடம் போனாள்.

"சார், அவளை மேல அனுப்பாதீங்க. வகுத்தல் வர்ற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும். வந்த அன்னிக்கே அனுப்பிடறேன், பாதி வருஷமானாலும் சரி."

"நினைச்ச இடத்துல ஏத்தி இறக்க இதென்ன பஸ்ஸாம்மா? நாள் குறைஞ்சாத்தான் நிறுத்தி வைப்போம். இவ ஒரு நாள்கூட லீவு போடல. வேறென்ன வேணும்?"

"கணக்கு வரணும் சார்."

"அதை ஏழாம் கிளாஸ்ல பார்த்துப்பாங்க."

எங்கே பார்ப்பார்கள்? 'ஆறாம் வகுப்பில் என்னத்தைக் கிழித்தார்கள்' என்றுதான் கேட்பார்கள். ஐந்தாம் வகுப்பு டீச்சரைப் பற்றி இவளும் அதைத்தானே கேட்டாள்! உட்கார்ந்து தேய்த்தால் படிப்பு வந்துவிடும் என்றால் அந்த பெஞ்சுக்கல்லவா முதல் பரிசு கொடுக்க வேண்டும்?

ஆண்டு விழாவில், லீவே போடாததற்காக ஆஜருக்கு ஒரு கோப்பை. வகுப்பு டீச்சர்தான் கொடுக்க வேண்டுமாம். கீழே பெண்ணின் அம்மா முகமெல்லாம் பல்லாகக் கை தட்டினாள். டீச்சரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

கோப்பையை வாங்கியவள் நகரவில்லை.

"டீச்சர், எனக்கு இன்னும் வகுத்தல் வரல," என்றாள் மெதுவாக. "நான் நிறைய லீவு போட்டிருந்தா, உங்க கிளாஸ்லயே விட்டிருப்பாங்களா?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குள் மைக்கில் அடுத்த பரிசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.